பாலக்கரையில் கிடைத்த உரிமக் கோப்பு

ஆவணக் காப்பகம் என்றால் எழும்பூர் என்பதுதான் ஆய்வாளர்களின் பழக்கம். எனக்கு வேண்டிய ஆவணம் பெரம்பலூர் பாலக்கரைப் பக்கம், கணினி பழுது பார்க்கும் கடையொன்றில் தூசி படிந்து கிடந்தது. அரசின் விலையில்லா மடிக்கணினி. 2011 செப்டம்பரில் தொடங்கிய திட்டத்தின் ஆரம்பகாலச் சரக்கு. செந்துறைப் பக்கம் ப்ளஸ் டூ படித்த பிள்ளை வாங்கியதாம். இயக்கியதும் விண்டோஸா, பாஸ் லினக்ஸா என்று கேட்டது. விண்டோஸை விட்டு பாஸுக்குள் போனேன்.

நான் தேடியது ஒன்றைத்தான்: இந்த மென்பொருளைத் திறமூலம் என்கிறோமே, எந்த விதிப்படி? பாஸ், அரசு நிறுவனமான சென்னை சி-டாக் 2007-ல் வெளியிட்ட இயங்குதளம். அதன் அடித்தளம் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளம். ஒவ்வொரு தொகுப்போடும் ஓர் உரிமக் கோப்பு இருந்தே தீரவேண்டும் என்பது டெபியனின் சட்டம். யுஎஸ்ஆர், ஷேர், டாக் என அடைவுக்குள் அடைவாக இறங்கினால், பத்திரப் பதிவு அலுவலகத்து அலமாரி மாதிரி வரிசையாக நிற்கின்றன. லோகித் தமிழ் எழுத்துருவின் கோப்பைத் திறந்தேன். ரெட் ஹேட் வெளியிட்ட அந்த எழுத்துரு 2011 வாக்கில் ஜிபிஎல் உரிமத்திலிருந்து ஓப்பன் ஃபான்ட் உரிமத்துக்கு மாறியது. இங்கே இருந்தது ஜிபிஎல். கணினியின் வயதுக்கு வேறு சான்று வேண்டியதில்லை.

தன் தொகுப்புக்குள் எந்த மென்பொருள் வரலாம் என்று டெபியன் 1997-ல் வழிகாட்டி நெறிகள் வகுத்தது. எழுதியவர்களில் முதன்மையானவர் புரூஸ் பெரன்ஸ். மறு ஆண்டு ஓப்பன் சோர்ஸ் இனிஷியேட்டிவ் தொடங்கப்பட்டபோது, டெபியன் என்ற பெயரை மட்டும் நீக்கி அதையே திறமூலத்தின் வரையறையாக ஆக்கினார்கள். இன்று இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தால் பத்தாவது விதியில் வேறுபாடு தெரியும். டெபியனில் அது மாதிரி உரிமங்களின் பட்டியல். மற்றதில் எந்தவொரு தொழில்நுட்பத்தையும் கட்டாயமாக்கக் கூடாது என்ற விதி.

சண்டையெல்லாம் ஆறாவது விதியில்தான். எந்தத் துறையினருக்கும் பயன்பாட்டைத் தடுக்கக் கூடாது என்கிறது அது. நிரலர் டக்ளஸ் கிராக்ஃபோர்டின் ஜேசன் உரிமம், மென்பொருளை நல்லதுக்குப் பயன்படுத்து, கெட்டதுக்குப் பயன்படுத்தாதே என்றது. யாருக்கும் கசக்காத வாக்கியம். டெபியனோ அதையும் கட்டுப்பாடு என்று ஒதுக்கியது. கறார்தான். ஆனால் கெட்டது எது என்று தீர்ப்புச் சொல்வது யார்?

அடுத்த தடம் டெல்லிக்குப் போனது. மத்திய அரசின் 2015-ஆம் ஆண்டுத் திறமூலக் கொள்கை இரண்டே நிபந்தனை வைக்கிறது: மூலநிரலைப் படிக்க, மாற்ற, மறுவிநியோகிக்க முடியவேண்டும், அதற்கு உரிமத்தொகை கூடாது. விற்கலாமா, எந்தத் துறையிலும் பயன்படுத்தலாமா என்ற பேச்சே இல்லை. இது ஓட்டை என்பேன். வணிகத்துக்குப் பயன்படுத்தாதே என்ற உரிமம்கூட இதில் நுழைந்துவிடலாம். நுழைந்தால், பழைய மடிக்கணினியைச் சீர்செய்து மென்பொருளோடு விற்கும் பாலக்கரைக் கடைக்காரர் அன்றே குற்றவாளி. அவரிடம் சொன்னேன். "கேக்குறவங்க எல்லாம் விண்டோஸ்தான் சார் கேக்குறாங்க" என்றார்.

இப்போது செயற்கை நுண்ணறிவில் அதே வழக்கு. மெட்டா தன் லாமா மொழி மாதிரியைத் திறமூலம் என்கிறது. உரிமத்திலோ, மாதம் 70 கோடிக்கு மேல் பயனர் உள்ள நிறுவனங்கள் தனி அனுமதி பெறவேண்டும் என்ற நிபந்தனை. இனிஷியேட்டிவ் அதை ஏற்கவில்லை. 2024 அக்டோபரில் அது வெளியிட்ட செயற்கை நுண்ணறிவு வரையறை, பயிற்சித் தரவு முழுவதையும் கேட்காமல் அதைப் பற்றிய விவரம் போதும் என்றது. அதற்காக அதுவும் திட்டு வாங்கியது. செந்துறைப் பிள்ளையின் கணினியில் ஓர் எழுத்துருவுக்குக்கூட வம்சாவளி இருந்தது. தமிழில் பேசும் மாதிரிகள் பலவற்றில் எந்தத் தமிழைப் படித்தன என்று காட்டும் கோப்பே கிடையாது. பயிற்சித் தரவு வெளியிடப்படாத மாதிரியை ஏற்கலாமா என்று 2025-ல் டெபியனுக்குள்ளேயே வாக்கெடுப்புத் தீர்மானம் வந்தது. வாக்கெடுப்பு நடக்கும் முன்பே கொண்டுவந்தவர் அதைத் திரும்பப் பெற்றார்.