காவிரிக்கு வந்த தந்திகள் – 17: மாண்டலின் இருந்த இடம்

2014 செப்டம்பர் 19, வெள்ளிக்கிழமை. சென்னையிலிருந்து ஒரு செய்தி பரவியது. மாண்டலின் ஸ்ரீநிவாஸ் காலமானார். வயது 45.

கர்நாடக இசை ரசிகர்கள் துடித்துப்போனார்கள். அதே நாளில் மொனாக்கோவில் வாழும் ஆங்கிலேயக் கிட்டார் கலைஞர் ஒருவருக்கும் பேரிழப்பு நேர்ந்திருந்தது. மேடையில் தனக்கு எதிர்க்குரல் கொடுத்துவந்த தந்தி வாத்தியத்தை ஜான் மெக்லாக்லின் இழந்திருந்தார். அவருடைய 'சக்தி' குழுவில் அந்த இடத்தில் இனி யார் உட்காருவது?

அதைச் சொல்லுமுன், சென்ற வாரம் விட்ட இடத்துக்குப் போக வேண்டும்.

1970களின் தொடக்கத்தில் 'மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா' என்ற ராக் குழுவால் உலகையே அதிரவைத்த மெக்லாக்லின், அந்த மின்கிட்டாரை ஒதுக்கிவைத்துவிட்டு சம்மணமிட்டு உட்கார்ந்தார். வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றார். யாழ்ப்பாணத்தில் வளர்ந்த வயலின் கலைஞர் எல். சங்கர், தபலாவுக்கு ஜாகிர் ஹுசேன், கடத்துக்கு விக்கு விநாயக்ராம், மிருதங்கத்துக்கு ராம்நாட் ராகவன் என்று 'சக்தி' கூட்டு அமைந்தது. 1975 ஜூலை 5 அன்று நியூயார்க் மாநிலத்தின் சவுத்தாம்ப்டனில் ஒரு கல்லூரி மேடையில் முதல் இசைத்தட்டு பதிவானது. அதன்பின் மிருதங்கம் விலகியது. நால்வராக மேலும் இரண்டு இசைத்தட்டுகளைத் தந்துவிட்டு 1978இல் குழு கலைந்தது.

மெக்லாக்லினின் கிட்டாரையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஒலித்துளையின் குறுக்கே சாய்வாக ஏழு சுருதித் தந்திகள். மெட்டுகளுக்கு நடுவே மரம் குழிவாகச் செதுக்கப்பட்டிருக்கும். விரலை அழுத்தித் தந்தியை இழுத்தால் வீணையைப்போல் சுரம் வளையும். கமகம் இல்லாமல் இந்த இசை இல்லை என்பதைப் புரிந்துகொண்ட ஒருவர் கேட்டுச் செய்வித்த வாத்தியம் அது.

சரி, 1978இல் கலைந்த குழு மீண்டும் கூட எத்தனை காலமாயிற்று? 19 ஆண்டுகள். 1997இல் மெக்லாக்லினும் ஜாகிரும் விநாயக்ராமும் இங்கிலாந்தில் மேடையேறினார்கள். சங்கர் வரவில்லை. வயலின் இருந்த இடத்தில் ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழல் ஒலித்தது. 'ரிமெம்பர் சக்தி' என்று பெயர் வைத்தார்கள். ஆனால் புல்லாங்குழலும் நிலைக்கவில்லை.

அடுத்து வந்தவர்தான் ஸ்ரீநிவாஸ்.

ஆந்திரத்தின் பாலகொல்லில் 1969இல் பிறந்தவர். சிறுவனாகச் சென்னை சபாவுக்கு அவர் வந்தபோது மாண்டலினில் கர்நாடக இசையா என்று பெரியவர்கள் தயங்கினார்கள். தயக்கத்தில் நியாயம் உண்டு. மேலைநாட்டு மாண்டலினில் இரட்டை இரட்டையாக எட்டுத் தந்திகள். மீட்டிய ஒலி கண்ணிமைக்கும் நேரத்தில் மடிந்துவிடும். தோடியின் காந்தாரத்தை அதில் எப்படி அசைப்பது? அந்தச் சிறுவர் ஐந்து ஒற்றைத் தந்திகள் கொண்ட மின் மாண்டலினை எடுத்துக்கொண்டார். ஒலி நீண்டது, தந்தி வளைந்தது, கேள்வி கேட்ட சபைகள் கூட்டத்தால் நிரம்பின. மெட்டு வைத்த தந்தி வாத்தியத்தில் கமகம் என்பது மெக்லாக்லின் பல ஆண்டுகளாகத் தேடிய ஒன்று. அதை முழுமையாகக் கண்டடைந்தவர் இப்போது அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தார். விநாயக்ராமின் இடத்துக்கு அவர் மகன் செல்வகணேஷ் கஞ்சிராவோடு வந்தார். பின்னர் சங்கர் மகாதேவனின் குரலும் சேர்ந்தது.

2001இல் வந்த 'சாட்டர்டே நைட் இன் பாம்பே' இசைத்தட்டில் ஒரு உருப்படி இருக்கிறது: 'கிரிராஜ சுதா'. தியாகராஜர் பிள்ளையார்மேல் செய்த கீர்த்தனை, பங்காள ராகம்.

இந்த இடத்தில் தொடர் நம் ஊர்ப்பக்கம் திரும்புகிறது. சுவாமிமலையிலிருந்து காவிரியை ஒட்டியே மேற்கே போனால் உமையாள்புரம், மேலும் போனால் திருவையாறு. தியாகராஜரிடம் நேரே பாடம் கேட்ட கிருஷ்ண பாகவதர், சுந்தர பாகவதர் சகோதரர்கள் அந்த உமையாள்புரத்துக்காரர்கள். தியாகராஜரின் கீர்த்தனைகள் வாலாஜாப்பேட்டை, தில்லைஸ்தானம், உமையாள்புரம் ஆகிய மூன்று சீடர் மரபுகளின் வழியாகத்தான் முக்கியமாக நமக்கு வந்து சேர்ந்தன. ஒலிப்பதிவுக் கருவி இல்லாத காலத்தில் வாய்ப்பாடமாகக் காக்கப்பட்ட இசை அது. அந்த மரபிலிருந்து ஒரு கீர்த்தனை மும்பை மேடையேறி ராக் ரசிகனின் காதுக்குப் போயிற்று. எனக்கு இது சாதாரண விஷயமாகப் படவில்லை.

இதன் பிறகுதான் 2014 செப்டம்பர்.

பலருக்கு முதலில் தோன்றியிருக்கக்கூடிய பெயர் யு. ராஜேஷ். ஸ்ரீநிவாஸின் தம்பி, அண்ணனிடமே பயின்ற மாண்டலின் கலைஞர். மெக்லாக்லினின் 'ஃப்ளோட்டிங் பாயிண்ட்' இசைத்தட்டில் வாசித்தவரும்கூட. அதே வாத்தியம், அதே பாணி, அதே வீடு. அவரை அழைத்தார்களா?

குழு அந்த வழியில் போகவில்லை. பல ஆண்டுகள் அந்த இடம் காலியாகவே கிடந்தது.

சுவாமிமலை ஸ்தபதிகளின் பட்டறையைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்த்து உருவம் செய்வார்கள். அதன்மேல் காவிரியின் வண்டல் மண்ணைப் பூசிக் காயவைப்பார்கள். சூடேற்றி மெழுகை வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறியதும் மண்கூட்டை உடைத்தால்தான் சிலை வெளியே வரும். ஒரு கூட்டில் ஒரு சிலைதான். அடுத்ததற்கு மெழுகிலிருந்தே தொடங்க வேண்டும். ஸ்ரீநிவாஸின் இடமும் அப்படித்தான் ஆனது. அந்தக் கூட்டில் இன்னொரு மாண்டலினை வார்க்க முடியாது என்பதை மெக்லாக்லினும் ஜாகிரும் உணர்ந்திருந்தார்கள் என்றே நான் நினைக்கிறேன்.

கடைசியில் வந்து உட்கார்ந்தவர் வயலின் கலைஞர் கணேஷ் ராஜகோபாலன். தம்பி குமரேஷுடன் இரட்டை வயலினாக நாம் பல்லாண்டுகள் கேட்டவர். 1975இல் சங்கர் வாசித்த வாத்தியமே திரும்பி வந்தது என்று தோன்றலாம். ஆனால் அன்றைய குழுவில் பாடகர் கிடையாது. இம்முறை சங்கர் மகாதேவனின் குரல் இருந்தது. குரலுக்கும் கிட்டாருக்கும் நடுவே வில்லின் நீண்ட ஒலி எங்கே நுழைய வேண்டும், எங்கே விலக வேண்டும் என்பதைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. மாண்டலின் இருந்தபோது இரண்டு மீட்டு வாத்தியங்கள் ஒன்றையொன்று துரத்தின. வயலின் வந்ததும் அந்தத் துரத்தல் குறைந்து உரையாடலானது.

ஒத்திகை பார்க்கலாம் என்றால் பெருந்தொற்று குறுக்கே நின்றது. மெக்லாக்லின் மொனாக்கோவில், ஜாகிர் கலிபோர்னியாவில், செல்வகணேஷ் சென்னையில். ஐவரும் ஓர் அறையில் கூட முடியவில்லை. அவரவர் இருந்த இடத்தில் பதிவுசெய்து ஒருவருக்கொருவர் அனுப்பி அனுப்பியே எட்டு உருப்படிகளை முடித்தார்கள். கண்ணைப் பார்த்துத் தாளம் பிடிக்கும் இசையில் இது எவ்வளவு கடினம் என்பது கச்சேரி மேடையருகே உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும்.

2023 ஜூன் 30. 'திஸ் மொமெண்ட்' வெளியானது. 1977க்குப் பிறகு 'சக்தி' என்ற பெயரில் வந்த முதல் ஸ்டூடியோ இசைத்தட்டு. முதல் உருப்படியின் பெயர் 'ஸ்ரீனிஸ் ட்ரீம்'. ஸ்ரீநிவாஸின் நினைவாக வைத்த பெயர். அதே இசைத்தட்டில் மீண்டும் 'கிரிராஜ சுதா', இம்முறை கணேஷின் வயலினோடு.

மறைந்தவரின் பெயரை முதலில் வைத்துவிட்டு, அவர் வாசித்த கீர்த்தனையையே புதியவர் கையில் கொடுத்தார்கள். ஒரு குழு தன் கலைஞரை இழந்தால் செய்ய வேண்டியது இதுதான். கணேஷ் ஓர் இடத்திலும் மாண்டலினாக நடிக்கவில்லை. பங்காளம் பங்காளமாகவே இருந்தது, வாத்தியம் மட்டும் மாறியது.

2024 பிப்ரவரி 4, லாஸ் ஏஞ்சலிஸ். சிறந்த உலக இசைத்தட்டுக்கான கிராமி விருதை 'திஸ் மொமெண்ட்' பெற்றது. அதே இரவில் ஜாகிர் ஹுசேனுக்கு மேலும் இரண்டு கிராமி விருதுகள். ஐம்பதாண்டுக் குழு புதிய பிறவி எடுத்துவிட்டது என்று எல்லோரும் மகிழ்ந்தார்கள்.

பத்தே மாதங்கள். 2024 டிசம்பர் 15 அன்று சான் பிரான்சிஸ்கோவில் ஜாகிர் ஹுசேன் மறைந்தார். 1975 மேடையிலிருந்து கடைசிவரை மெக்லாக்லினைப் பிரியாத ஒரே தோழர். வயலின் போனது, குழல் வந்தது, மாண்டலின் போனது, வயலின் திரும்பியது. தபலா மட்டும் ஒருநாளும் கை மாறியதில்லை.

ஜாகிர் இல்லாத சக்தி என்று ஒன்று இருக்க முடியுமா? அடுத்த வாரம் அந்தக் கேள்விக்குள் போவோம். அதற்குள் 2001இன் 'கிரிராஜ சுதா'வை ஒருமுறையும் 2023இன் 'கிரிராஜ சுதா'வை ஒருமுறையும் கேட்டுவிட்டு வாருங்கள். இரண்டிலும் தபலாவைக் கவனியுங்கள்.

(தொடரும்)