உள்நாட்டு விவகாரமாம்!

1923 ஆம் ஆண்டு, ஜெனீவா நகர் வந்து சேர்ந்தார் ஒரு பெரியவர். அவர் கையிலிருந்த கடவுச்சீட்டை அளித்தது கனடா அன்று, பிரிட்டனும் அன்று. அவருடைய மக்களின் மாமன்றம்! டெஸ்காஹே என்பது அவர் தாங்கிய தலைமைப் பெயர். கயுகா இனத்தவர், ஆறு இனங்கள் கூடிய ஹோடினோஷோனி கூட்டமைப்பின் தூதர். நம் பள்ளிப் புத்தகங்கள் 'செவ்விந்தியர்' என்று ஒரே சொல்லில் அடக்கிவிடுமே, அந்த மக்களுள் ஒரு பிரிவினர்.

எதற்காக வந்தார்? முதல் உலகப் போருக்குப்பின் எழுந்த சர்வதேச சங்கத்தின் வாயிலில் நீதி கேட்க! சிறிய இனங்களைக் காக்கவே பிறந்தோம் என்று முழங்கிய சங்கமல்லவா அது!

வழக்கு எளியது. அமெரிக்க விடுதலைப் போரில் பிரிட்டிஷ் மன்னர் பக்கம் நின்று நிலமிழந்தனர் இம்மக்கள். ஈடாக 1784 இல் கிராண்ட் ஆற்றின் இரு கரையிலும் ஆறு மைல் அகலத்துக்கு நிலம் அளிக்கப்பட்டது. அதில் இருபதில் ஒரு பங்குகூட இன்று அவர்களிடம் இல்லை. முதல் உலகப் போரிலும் அந்த ஊரிலிருந்து ஏறத்தாழ 300 பேர் களம் புகுந்தனர். நட்பு நாடாகக் கைகோத்தவர்களைக் கனடா குடிகளாக்கிற்று. குடிகளாக்கியும் குடியுரிமை தரவில்லை!

அயர்லாந்து, எஸ்தோனியா, பாரசீகம், பனாமா ஆகிய நான்கு நாடுகள் வழக்கை விசாரிக்க வேண்டுமென்று குரல் கொடுத்தன. வல்லரசின் நிழலில் வாழ்வது எத்தகையது என்பதை அறிந்த நாடுகள் அவை. கனடா என்ன செய்தது? தனி நாடாகத் தனி இருக்கை பெற்றுவிட்டோம் என்று அண்மையில்தான் பூரித்திருந்தது. அந்தக் கனடா பிரிட்டனின் துணையை நாடிற்று! பிரிட்டன் மிரட்டியது, சிறு நாடுகள் வாயடைத்தன. 'இது எங்கள் உள்நாட்டு விவகாரம்' என்ற ஒரே விடையில் வழக்கு மாண்டது.

அந்த நாளில் கனடாவின் இந்தியர் விவகாரத் துறையை நடத்தியவர் டங்கன் காம்ப்பெல் ஸ்காட். கவிஞருங்கூட! பழங்குடியினரைப் பற்றி உருக்கமாகப் பாடியவர். அவர்களுள் ஒருவரும் மிஞ்சாமல் கனடிய சமுதாயத்தில் கரைந்துபோகும் வரை பணி ஓயாது என்று 1920 இல் நாடாளுமன்றக் குழுவின் முன் கூறியவரும் அவரே.

டெஸ்காஹே ஜெனீவாவில் கதவு கதவாய்த் தட்டிக்கொண்டிருந்த 1924 இல், இங்கே பழைய மன்றத்தைக் கனடா கலைத்தது. ஒப்பந்தங்களின் நினைவைத் தாங்கிய சிப்பிமணிப் பட்டைகளைக் காவல்துறை கைப்பற்றியது. பரம்பரை மன்றம் போய்த் தேர்தல் மன்றம் வந்தது முன்னேற்றந்தானே என்று நம்மிற் சிலர் கேட்கக்கூடும். கேட்கட்டும்! பழைய முறையில் தலைவரைப் பொறுக்கியவர்கள் குலத்தின் தாய்மார்கள். தவறிய தலைவரை நீக்கும் உரிமையும் அவர்களுடையது. கனடா கொணர்ந்த 'மக்களாட்சி'த் தேர்தலில் பெண்ணுக்கு வாக்கே இல்லை! 1951 வரை இல்லை. எது பிற்போக்கு?

டெஸ்காஹே 1925 இல், அமெரிக்க மண்ணில், தம் ஊரை விட்டு அகன்ற நிலையிலேயே மறைந்தார். இரண்டாண்டு கழித்து வந்தது புதுச் சட்டம்: நில உரிமை கோரி வழக்காடப் பழங்குடியினரிடம் அரசின் அனுமதியின்றி நிதி திரட்டுவது குற்றம்! இன்னொரு டெஸ்காஹே கிளம்பிவிடக் கூடாதல்லவா?

இச்சட்டமும் 1951 வரை உயிரோடிருந்தது. இடையில் 1948 இல் ஐக்கிய நாடுகள் அவையின் மனித உரிமைப் பிரகடனம் பிறந்தது. அதன் முதல் வரைவைத் தீட்டியவர் ஜான் ஹம்ப்ரி என்ற கனடியர். 1957 இல் சூயஸ் நெருக்கடியைத் தணித்ததற்காகக் கனடாவின் லெஸ்டர் பியர்சனுக்கு நோபல் அமைதிப் பரிசு. அன்று அவர் நாட்டின் பழங்குடியினருட் பெரும்பாலோர், பழங்குடித் தகுதியைத் துறந்தாலொழிய நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்க இயலாது. 1960 இல்தான் அத்தடை நீங்கிற்று. 1961 இல் இலண்டன் மாநாட்டில் பிரதமர் டீஃபன்பேக்கர் நேருவுடன் நின்று தென்னாப்பிரிக்காவின் நிறவெறியை எதிர்த்தார். போற்றத்தக்க செயலே; மறுப்பதற்கில்லை. ஆனால் பழங்குடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துத் தாய்மொழியை மறக்கடித்த உறைவிடப் பள்ளிகள் அவர் நாட்டில் 1990 கள் வரை நடந்தன!

1977 இல் ஹோடினோஷோனித் தூதர்கள் மீண்டும் ஜெனீவா சென்றனர், தம் சொந்தக் கடவுச்சீட்டோடு. இம்முறை கதவு திறந்தது. அங்கே தொடங்கிய முயற்சி முப்பதாண்டு கழித்து, 2007 செப்டம்பரில், பழங்குடி மக்களின் உரிமைப் பிரகடனமாக ஐ.நா. பேரவைக்கு வந்தது. ஆதரவு 144, எதிர்ப்பு 4. அந்த நால்வர்: அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா! பின்னர் நால்வரும் இறங்கிவந்தனர். 2021 இல் கனடா அப்பிரகடனத்தைச் சட்டமாகவே ஏற்றது.

அதே 2021 மார்ச்சுக்குள் பழங்குடி ஊர்கள் அனைத்திலும் குடிநீர்த் தடைகளை நீக்குவதாக வாக்களித்திருந்தது அரசு. கெடு கடந்தது, தடைகள் பல ஊர்களில் நீடித்தன. வட ஒன்டாரியோவில் நெஸ்கன்டாகா என்றோர் ஊர். அங்கே 'காய்ச்சிக் குடி' என்ற எச்சரிக்கை 1995 இல் வந்தது. அவ்வாண்டு அங்கே பிறந்த குழந்தை 25 வயதை எட்டிய பின்னும் ஊர்க் குழாயின் நீரைக் காய்ச்சாமல் குடிக்க முடியவில்லை.