பூஞ்சையின் இரும்புத் தேவையும் கதிரியக்கப் படமெடுப்பும்: சேலம், நாமக்கல் சமவெளியை முன்வைத்து ஓர் ஆய்வு

உடலின் ஆழ்ந்த திசுக்களில் பரவும் பூஞ்சைத் தொற்றைக் கண்டறிவதிலுள்ள இடர்ப்பாடு, அதன் அறிகுறிகள் காசநோய், பாக்டீரிய நிமோனியா, புற்றுநோய் ஆகியவற்றின் அறிகுறிகளோடு கலந்துவிடுவதால் நேர்வதாகும். சி.டி. ஸ்கேன் நுரையீரலில் ஒரு கட்டியையோ குழியையோ காட்டும். அதற்குள் வளர்வது எது என்பதை அது பெரும்பாலும் உறுதிப்படுத்துவதில்லை. திசுவை எடுத்துச் சோதிப்பதே உறுதியான வழி என்றாலும், ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து பெற்றுத் தட்டணுக்கள் குறைந்துபோன நோயாளியின் நுரையீரலில் ஊசி செலுத்துவது ரத்தப்போக்கில் முடியக்கூடும். வளர்ப்புச் சோதனையோ பல நாள் எடுத்துக்கொள்வதோடு, தொற்று இருக்கும்போதே பல வேளைகளில் எதிர்மறை முடிவைத் தருகிறது. இந்த இடைவெளியை நிரப்பவே கதிரியக்கத் தடங்காட்டிகள், அதாவது ரத்தத்தில் செலுத்தப்பட்டுக் குறிப்பிட்ட இடத்தில் சேர்ந்து, தாம் வெளிவிடும் கதிர்களால் அவ்விடத்தைக் கருவிக்குக் காட்டும் மூலக்கூறுகள், ஆராயப்பட்டு வருகின்றன. சேலம், நாமக்கல் சமவெளி போன்ற ஒரு வட்டாரத்துக்கு ஏற்ற தடங்காட்டி, உடலின் எதிர்வினையை விடுத்துப் பூஞ்சையின் சொந்த உயிர்ச்செயலைக் காட்டுவதாகவும், தொலைநகரத்துச் சைக்ளோட்ரானை, அதாவது கதிரியக்க அணுக்களை உருவாக்கும் பெருங்கருவியை, நம்பியிராததாகவும் அமைய வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இன்று பரவலாகப் புழங்கும் தடங்காட்டி எஃப்.டி.ஜி. எனப்படும், ஃபுளூரின்-18 ஏற்றிய குளுக்கோஸ் ஆகும். குளுக்கோஸை மிகுதியாக உட்கொள்ளும் செல்களில் அது சேர்வதால், புற்றுநோய்த் திசுவும், தொற்றை எதிர்த்து நிற்கும் வெள்ளணுக்களும், தடங்காட்டியின் கதிர்களைப் படமாக்கும் பெட் ஸ்கேனில் ஒரே விதமாக ஒளிர்கின்றன. தொற்று உடலில் எங்கெங்கு பரவியிருக்கிறது, மருந்துக்கு அது பணிகிறதா என்று அறிவதில் எஃப்.டி.ஜி.யின் பயன் குறைத்து மதிப்பிடத்தக்கதன்று. வெள்ளணுக்கள் குறைந்து காய்ச்சல் கண்ட நோயாளிகளிடையே ஆஸ்திரேலியாவில் நடத்தப்பட்டு 2022இல் வெளியான ஒப்பாய்வில், அந்த ஸ்கேனின் துணையோடு 82 விழுக்காட்டினருக்கும், சி.டி. ஸ்கேனின் துணையோடு 65 விழுக்காட்டினருக்கும் தொற்றுமருந்துகளைச் சீரமைக்க முடிந்தது. ஆனால் காசநோய் மிகுந்த இந்தியாவில், நுரையீரலில் ஒளிரும் ஒரு புள்ளி காசநோயா, பழைய காசநோய்க் குழியில் குடியேறிய அஸ்பெர்ஜில்லஸ் என்னும் பூஞ்சையா, புற்றுநோயா என்று எஃப்.டி.ஜி.யால் பிரித்துச் சொல்ல இயலாது. மருந்தைத் தேர்வதற்கு வேண்டியதோ அந்தப் பிரிப்புத்தான்.

அந்தப் பூஞ்சைக்கு இவ்வட்டாரத்தில் இடமுண்டு: நாமக்கல்லின் கோழிப்பண்ணைகளில் குவியும் மக்காச்சோளத் தீவனமும் தரைக்கூளமும், சேலத்து ஜவ்வரிசி ஆலைகளில் மிஞ்சி வெயிலில் காயும் மரவள்ளித் திப்பியும் ஈரம் பட்டால் அஸ்பெர்ஜில்லஸ் வளரத்தக்க பொருள்கள். இரண்டு மூன்று மைக்ரான் அளவேயுள்ள அஸ்பெர்ஜில்லஸ் ஃபியூமிகாட்டஸின் வித்துகள் மூச்சுவழியே நுண்ணறைகள்வரை சென்றுவிடும். இதை வைத்து இவ்வட்டாரத்தில் நோய் மிகுதி என்று முடிவுகட்ட இடமில்லை. வித்துகளை எல்லோரும் சுவாசிக்கின்றனர், நோய்ப்படுவோர் யார் என்பதை நீரிழிவு, ஸ்டீராய்டு மருந்து, நுரையீரலின் பழைய புண் ஆகியவையே பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. 2021இல் கொரோனா இரண்டாம் அலையைத் தொடர்ந்து வந்த கருப்புப் பூஞ்சை நோய் இதைக் கொடுமையாக மெய்ப்பித்தது. அவ்வாண்டு மே மாதம் தமிழ்நாடு அதை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியது. ஜூன் இறுதிக்குள் நாடெங்கும் பதிவானோர் தொகை 40,000ஐத் தாண்டியது.

எதிர்வினையைவிட்டுப் பூஞ்சையையே குறிவைக்கும் வழிகளில் மிக நுட்பமானது இரும்பின் வழி. மனித உடல் இரும்பைப் புரதங்களோடு பிணைத்து வைத்துக் கிருமிகளுக்கு எட்டாதபடி காக்கிறது. அதைக் கவர்வதற்கு அஸ்பெர்ஜில்லஸ் ஃபியூமிகாட்டஸ், சிடரோஃபோர் எனப்படும் இரும்புப் பிணைப்பு மூலக்கூறுகளை வெளிவிட்டு, இரும்பேறிய பின் தனக்கே உரிய கடத்திகளின் வழியாக அவற்றை மீண்டும் உள்ளிழுத்துக்கொள்கிறது. மனிதச் செல்களில் அத்தகைய கடத்திகள் இல்லை. மும்மின்னூட்டமுற்ற காலியம் அயனி, மின்னூட்டத்திலும் அளவிலும் இரும்பு அயனியை ஒத்திருப்பதால், சிடரோஃபோரில் இரும்புக்குப் பதிலாகக் காலியம்-68ஐ ஏற்றினால் பூஞ்சை வேறுபாடு அறியாமல் அதையும் உள்வாங்கும். ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக் நகரில் மிலோஷ் பெட்ரிக், ஹுபெர்ட்டஸ் ஹாஸ், கிளெமென்ஸ் டெக்ரிஸ்டோஃபோரோ முதலியோர் இந்த வழியில் நுரையீரல் தொற்றுள்ள எலிகளைப் படமெடுத்து 2010இல் முடிவுகளை வெளியிட்டனர். அவர்கள் முன்னிறுத்திய ட்ரைஅசிட்டைல்ஃபியூசரினின்-சி என்னும் சிடரோஃபோர் தொற்றிடத்தில் தங்க, எஞ்சியது சிறுநீரகம் வழியே விரைந்து வெளியேறுவதால், படம் தெளிவாகக் கிடைக்கிறது.

தொலைவு என்னும் நடைமுறைத் தடையும் இங்கே தளர்கிறது. ஃபுளூரின்-18இன் அரை ஆயுட்காலம், அதாவது கதிரியக்கம் பாதியாகக் குறையும் நேரம், 110 நிமிடம். ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூருவின் சைக்ளோட்ரானில் அது உருவாகிச் சேலத்து நோயாளியின் உடலில் ஏறுவதற்கு நான்கு மணி நேரம் ஆனால், எஞ்சுவது 22 விழுக்காடே. காலியம்-68இன் அரை ஆயுட்காலம் 68 நிமிடமே என்றாலும், 271 நாள் அரை ஆயுட்காலம் கொண்ட ஜெர்மானியம்-68 அடைத்த சிறு ஜெனரேட்டரிலிருந்து மருத்துவமனையிலேயே அதை நாள்தோறும் பிரித்தெடுக்கலாம். 2024இல் அமெரிக்க ஆய்வாளர்கள் முன்வைத்த ஃபுளூரின்-18 ஏற்றிய செல்லோபயோஸ், தாவர நார்ப்பொருளைச் சிதைக்கும் பூஞ்சையின் நொதியைப் பயன்படுத்திக்கொள்ளும் அழகிய கருத்து. ஆயினும் அது சைக்ளோட்ரானின் பிடியிலிருந்து விடுபடவில்லை.

சிடரோஃபோர் வழிக்கு வலுவான மறுப்புகளும் உண்டு. சுற்றிலும் இரும்பு மலிந்திருந்தால் பூஞ்சை தன் கடத்திகளைக் குறைத்துக்கொள்ளும். பலமுறை ரத்தம் ஏற்றப்பட்டு உடலில் இரும்பு தேங்கிய நோயாளியிடம் ஒளி மங்கக்கூடும். மருத்துவத்தில் இரும்பு நீக்கும் மருந்தாக வழங்கும் டெஸ்ஃபெரியாக்சமினைத் தடங்காட்டியாக்கினால், அதைச் சூடோமோனாஸ், ஸ்டெஃபிலோகாக்கஸ் பாக்டீரியாக்களும் உள்வாங்குகின்றன. கருப்புப் பூஞ்சையில் தடை இன்னும் ஆழமானது: அது ரத்தக்குழாய்களை அடைத்துத் திசுவைச் சாகடிக்கிறது. எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் மூக்கின் உட்சிப்பி எலும்புகளை மூடிய சவ்வு, ஊசிவழிச் செலுத்தும் மாறுபாட்டு மருந்தை ஏற்காமல் கருத்துத் தெரிவதன் காரணம் அதுவே. ரத்தம் செல்லாத இடத்துக்கு ரத்தத்தில் பயணிக்கும் தடங்காட்டியும் செல்லாது. ஆகவே அந்நோயில் உயிருள்ள விளிம்பு மட்டுமே ஒளிரும் என எதிர்பார்க்கலாம். அறுவை மருத்துவருக்கு வேண்டியது அந்த விளிம்பே என்பதால் அதுவும் வீணன்று.

இம்மறுப்புகளைச் சோதிக்கத் தக்க களம் நாமக்கல்லில் உள்ளது. கோழிக்குஞ்சுகளைத் தாக்கும் புரூடர் நிமோனியா என்பது, பெரும்பாலும் அஸ்பெர்ஜில்லஸ் ஃபியூமிகாட்டஸ் விளைவிக்கும் இயற்கையான தொற்று. ஆய்வக எலிகளுக்கோ நோய் எதிர்ப்பாற்றலை மருந்தால் ஒடுக்கியே பெரும்பாலும் தொற்றை வரவழைக்கின்றனர். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி, அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் இசைவோடு ஒரு பெட் கருவியுள்ள மருத்துவமனையுடன் இணைந்தால், படமெடுத்த குஞ்சை அன்றே அறுத்து ஒளிர்ந்த ஒவ்வொரு புள்ளியையும் திசுவோடு ஒப்பிடலாம். மனிதரிடம் இவ்வாய்ப்பு மிக அரிது. பறவைகளின் காற்றுப்பைகளில் ரத்த ஓட்டம் மிகக் குறைவு என்பதால், தடங்காட்டி எவ்வளவு தூரம் எட்டும் என்பதற்கும் அது கடுமையான தேர்வாகும். மேலும், முட்டையிடும் கோழியின் ரத்தத்தில் மஞ்சள்கருவுக்கெனக் கொண்டுசெல்லப்படும் இரும்பு குஞ்சின் ரத்தத்தில் இருப்பதைவிடப் பன்மடங்கு. அவ்விரும்பு புரதத்தோடு பிணைந்தது. பூஞ்சை அதை எந்த அளவுக்குக் கவரும் என்பதும் ஆராயப்பட வேண்டியது. ஒரே பூஞ்சை தொற்றிய குஞ்சையும் முட்டைக்கோழியையும் அடுத்தடுத்துப் படமெடுத்து ஒளியின் அளவை ஒப்பிட்டால், இரும்பு மிகுந்த உடலில் இந்தத் தடங்காட்டி கைகொடுக்குமா என்ற ஐயத்துக்கு, மனித நோயாளியிடம் செல்லும் முன்பே ஒரு விடை கிடைக்கும்.