சாய்ந்த எழுத்தும் தடித்த எழுத்தும்



பட்டணத்துக் கடைவாசலில் 'மலிவு விற்பனை' என்று தொங்கும் அறிவிப்பை நாம் எல்லோரும் பார்த்திருப்போம். எழுத்துகள் தடித்திருக்கும், ஓடப் புறப்பட்ட ஆளைப்போல் ஒருபக்கம் சாய்ந்தும் இருக்கும். தடிப்பு நம்மை நிற்க வைக்கிறது, சாய்வு அவசரப்படுத்துகிறது. இவை இரண்டும் ஒரே காலத்தில் பிறந்தவை அல்ல. முதலில் வந்தது சாய்வு. அதன் கதையை இன்று பார்ப்போம்.

இத்தாலியின் வெனிஸ் நகரில் ஆல்டஸ் மனூட்டியஸ் என்ற பதிப்பாளர் இருந்தார். கையில் எடுத்துச் செல்லக்கூடிய சிறிய நூல்களை வெளியிட விரும்பினார். எழுத்தர்கள் விரைந்து எழுதும் சாய்ந்த கையெழுத்தைப் பார்த்துப் புதிய அச்செழுத்து ஒன்றைச் செய்வித்தார். 1501-ஆம் ஆண்டில், வெர்ஜில் என்னும் இலத்தீன் கவிஞரின் நூல் முழுவதும் அவ்வெழுத்தில் வெளிவந்தது. இத்தாலியில் பிறந்ததால் அதற்கு 'இத்தாலிக்' என்ற பெயர் நிலைத்தது.

அதைச் செதுக்கியவர் பிரான்செஸ்கோ கிரிஃபோ என்ற கைவினைஞர். எஃகுக் கம்பியின் நுனியில் எழுத்தை இடவலம் மாற்றிச் செதுக்க வேண்டும். அதைச் செம்பில் அடித்துப் பதிக்க வேண்டும். அந்தக் குழியில் உருக்கிய ஈயக் கலவையை வார்க்க வேண்டும். கண்ணையும் கையையும் வாங்கும் வேலை அது! வெர்ஜில் நூலிலேயே ஆல்டஸ் அவரைப் பாராட்டிச் சில வரிகள் அச்சிட்டார். ஆனால், அவ்வெழுத்தைப் பயன்படுத்தும் தனியுரிமையை வெனிஸ் அரசு ஆல்டஸுக்கே வழங்கியது. பாராட்டு ஒருவருக்கு, உரிமை மற்றவருக்கு! கிரிஃபோ பிரிந்து போய், ஃபானோ நகரில் சொன்சினோ என்ற அச்சகத்தாருக்கு எழுத்து வெட்டினார். ஆல்டஸின் எழுத்துகளை வெட்டியவர் இவரே என்று சொன்சினோ 1503-இல் ஒரு நூலின் முகப்புரையில் எழுதிவைத்தார்.

தடித்த எழுத்து வளர்ந்த இடம் இலண்டன். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே சுவரொட்டிகள் பெருகின. தெருவில் போகிறவர் தூரத்திலிருந்தே படிக்க வேண்டும் அல்லவா? அதற்காக இராபர்ட் தோர்ன் முதலியோர் கொழுத்த எழுத்துகளை வார்த்தார்கள். அவற்றுக்குச் சாய்ந்த வடிவங்களும் வந்தன. தடிப்பும் சாய்வும் அங்கே ஒன்று சேர்ந்தன. 1845-இல், தோர்ன் நடத்திய அதே வார்ப்படச் சாலையிலிருந்து 'கிளாரன்டன்' என்ற தடித்த எழுத்து வெளிவந்தது. சாதாரண எழுத்துக்கு நடுவே ஒரு சொல்லை எடுத்துக்காட்ட அது உதவியது. அதைச் செதுக்கிய கை பெஞ்சமின் ஃபாக்ஸ் என்பவருடையது. சாலையின் பங்காளியான இராபர்ட் பெஸ்லியின் பெயரே பெரிதும் பேசப்படுகிறது. மூன்றாண்டுச் சட்டப் பாதுகாப்பு முடிந்ததும் மற்றவர்களும் அதைப் பார்த்து வார்த்துக்கொண்டார்கள்.

தடித்துச் சாய்ந்த எழுத்து தலைப்புக்கும் விளம்பரத்துக்கும் ஏற்றது. ஒரு பக்கம் முழுவதையும் அதில் அச்சிட்டால் கண் களைத்துவிடும். சந்தையில் எல்லோரும் ஒன்றாகக் கூவினால் எவர் குரலும் கேட்காது. பிள்ளைகள் பள்ளிக்கு அட்டை எழுதும்போதும் முக்கியமான ஒரு சொல்லை மட்டும் தடித்து எழுதட்டும்.

உழைத்தவரை மறப்பது உலகில் புதிதல்ல என்பது நமக்குத் தெரியும். கிரிஃபோவின் பெயர் ஐந்நூறு ஆண்டுகள் கடந்தும் நிற்கிறது. காரணம், அவர் உழைப்பை யாரோ எழுதிவைத்தார்கள். நம் பாட்டன் பாட்டியர் எந்தத் தோட்டத்தில், எந்த ஆண்டில், என்ன வேலை செய்தார்கள் என்பதை நாமும் ஓர் ஏட்டில் எழுதிவைப்போம். அவர்கள் பெயரைத் தடித்த எழுத்திலேயே எழுதுவோம்.