பித்தீக்: நோன்புக் கோப்பையின் வரலாறு

பேரீச்சங்கனியின் வெப்பத்தைப் பித்தீக்கின் குளிர்ச்சியால் தணித்து நபிகளார் (ஸல்) உண்டதாக ஆயிஷா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் ஸுனன் அபூதாவூதில் உள்ளது. முலாம்பழம், தர்பூசணி இரண்டையும் அச்சொல் குறிக்கும். இங்கு எது என்பதில் அறிஞர்கள் வேறுபட்டனர். எனவே உறுதியாகப் பேசுதல் தகாது.

1344-வாக்கில் இலங்கையிலிருந்து மஅபர் எனப்பட்ட நம் கரையில் இறங்கிய இப்னு பதூதா, அதற்கு முன்பே குவாரிஸ்மில் பச்சைத் தோலும் சிவந்த சதையும் கொண்ட பித்தீக்கைச் சுவைத்திருந்தார். வெயிலில் உலர்த்திய அதன் கீற்றுகள் இந்தியாவுக்கும் வந்தன. டில்லியில் அவர் வாங்கி உண்டார்.

அன்று உலர்ந்து வந்த கனி இன்று கீழக்கரைக் கடைத்தெருவில் பசுமையாகக் கிடைக்கிறது. விதை நீக்கிய துண்டுகளுடன் புதினா, எலுமிச்சைச் சாறு, இனிப்புக்கு இரண்டு பேரீச்சை சேர்த்து அரைத்தால் இஃப்தார் பானம் தயார். சர்க்கரையைக் கொட்டுவது வீண்விரயம். ஒன்றின் மிகுதியை மற்றொன்றால் சமன்செய்வதே அந்த ஹதீஸ் கற்பிக்கும் நிதானம்.