வேத விளக்கம்

வீரமாமுனிவர் (1680–1747) எழுதிய கத்தோலிக்கத் தற்காப்பு உரைநடை நூல், ஆண்டு 1728. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த லுத்தரன் மறைப்பணியாளர்கள் திருத்தந்தையின் அதிகாரத்தையும் புனிதர் வணக்கத்தையும் மறுத்து வந்தனர். அதற்கு மறுமொழியாக இந்நூல் எழுந்தது. பேதகமறுத்தல், லுத்தேரினத்தியல்பு ஆகியவையும் இவ்வாதத்தைச் சேர்ந்தவை.

புனிதர் வணக்கத்தைப் பொறுத்தவரை, ஆராதனை இறைவனுக்கே, மரியாவுக்கு உரியது வணக்கமே என்பது கத்தோலிக்கக் கோட்பாடு. இன்றைய அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சிக்குத் திருக்காவலூர் எனப் பெயரிட்டு, அங்குள்ள கோயிலின் அடைக்கல மாதாவான மரியா மீது கலம்பகம் பாடியவரும் முனிவரே. வாதத்தில் அவர் காத்த மரியா வணக்கம் அக்கோயிலில் இன்றும் தொடர்கிறது. திருச்சபையைப் பிளந்த மூலச் சிக்கலான இறைவனுக்கு ஏற்புடையோராதல் குறித்து 1999 அக்டோபர் 31இல் ஆக்ஸ்பர்க்கில் கத்தோலிக்க, லுத்தரன் தரப்புகள் இரண்டும் கூட்டறிக்கையில் ஒப்பமிட்டன. திருத்தந்தையின் அதிகாரம் பற்றிய வேறுபாடு நீடிக்கிறது.