ஒரே சான்றிதழில் பல இணையத்தளங்கள்: செலவு மிச்சம், தொடர்பு அம்பலம்

பொத்துவில் கனகர் கிராம மக்கள் 1990 இல் இடம்பெயர்ந்தவர்கள். தங்கள் காணிகளை மீட்டுத் தருமாறு கேட்டு 2018 இல் போராட்டத்தில் இறங்கினார்கள். இப்படியான ஊர்களில் காணி ஆவணங்களும் காணாமல் ஆக்கப்பட்டோர் விபரங்களும் இன்று இணையத்திலும் சேகரிக்கப்படுகின்றன. அந்தத் தளங்களை யார் நடத்துகிறார்கள் என்பது சில வேளைகளில் வெளியே தெரியக்கூடாத விடயம்.

ஓர் உதாரணம் எடுப்போம். ஊரில் கணினி தெரிந்த இளைஞர் ஒருவர் அறுகம்பை விடுதி ஒன்றின் தளம், விளையாட்டுக் கழகத்தின் தளம், காணி ஆவணத் தளம் மூன்றையும் ஒரே சேவையகத்தில் வைத்திருக்கிறார். மூன்றுக்கும் ஒரே பாதுகாப்புச் சான்றிதழைப் போடலாமா? போடலாம். ஆனால் அதன் விலையை முதலில் அறிந்திருக்க வேண்டும்.

சான்றிதழ் என்ன செய்கிறது?

முகவரிப் பட்டையில் தெரியும் பூட்டுக்குப் பின்னால் இருப்பது இந்தச் சான்றிதழ்தான். வாசகரின் கைத்தொலைபேசிக்கும் சேவையகத்துக்கும் இடையில் போகும் தகவலை இடையில் நிற்பவர் படிக்க முடியாதபடி மறைக்க இது உதவுகிறது. வந்து சேர்ந்த தளம் உண்மையானதுதானா என்பதையும் உறுதிப்படுத்துகிறது. 2018 ஜூலை முதல், இது இல்லாத தளங்களைக் குரோம் உலாவி ‘பாதுகாப்பற்றது’ என்று காட்டத் தொடங்கியது.

மூன்று வழிகள்

முதலாவது, பல பெயர்ச் சான்றிதழ். ஒன்றோடொன்று தொடர்பில்லாத பல முகவரிகளை ஒரே சான்றிதழில் எழுதலாம். இலவசமாகச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட் ஒன்றில் 100 பெயர்கள் வரை அனுமதிக்கிறது.

இரண்டாவது, நட்சத்திரக் குறிச் சான்றிதழ். ஒரே முகவரிக்கு நேரடியாகக் கீழுள்ள எல்லா உபதளங்களுக்கும் இது பொருந்தும். வேறொரு முகவரிக்குப் பொருந்தாது. லெட்ஸ் என்கிரிப்ட் இதை 2018 மார்ச்சில் இருந்து தருகிறது.

மூன்றாவது, ஒவ்வொரு தளத்துக்கும் தனிச் சான்றிதழ். முன்பு இதற்கு ஒவ்வொரு தளத்துக்கும் தனி ஐபி முகவரி தேவைப்பட்டது. எந்தத் தளம் வேண்டும் என்று உலாவி முதலிலேயே பெயர் சொல்லிக் கேட்கும் எஸ்என்ஐ முறை 2003 இல் வரையறுக்கப்பட்டது. உலாவிகள் எல்லாம் அதை ஏற்ற பின்னர் அந்தத் தேவை இல்லாமல் போனது.

பகிர்வதில் உள்ள ஆபத்து

ஒரு சான்றிதழில் உள்ள எல்லாப் பெயர்களையும் யாரும் பார்க்கலாம். விடுதித் தளத்தின் பூட்டை அழுத்திச் சான்றிதழைத் திறப்பவருக்குக் காணி ஆவணத் தளத்தின் பெயரும் அங்கே தெரியும். சான்றிதழை மாற்றினாலும் தடயம் அழியாது. வழங்கப்படும் சான்றிதழ்கள் பகிரங்கப் பதிவேடுகளில் ஏறுகின்றன. 2018 ஏப்ரல் இறுதியில் இருந்து புதிய சான்றிதழ்களுக்குக் குரோம் இதைக் கட்டாயமாக்கியது. பதிவேட்டில் ஏறியதை நீக்க முடியாது.

இரண்டாவது ஆபத்து, இரகசியச் சாவி. ஒரே சான்றிதழ் என்றால் ஒரே சாவி. அது களவு போனால் மூன்று தளங்களும் ஒன்றாக மாட்டும்.

மூன்றாவது, புதுப்பித்தல். விளையாட்டுக் கழகம் தன் முகவரிக்கான கட்டணத்தைக் கட்ட மறந்தால் அந்தப் பெயரைச் சரிபார்க்க முடியாது. ஒரு பெயர் தவறினால் முழுச் சான்றிதழும் புதுப்பிக்கப்படாமல் போகலாம். மற்ற இரண்டு தளங்களிலும் எச்சரிக்கைப் பக்கம் வரும்.

பூட்டு மறைக்காதவை

எந்தப் பக்கத்தைப் படிக்கிறீர்கள் என்பதைப் பூட்டு மறைக்கிறது. ஆனால் எஸ்என்ஐ முறையில் தளத்தின் பெயர் பெரும்பாலும் வெளிப்படையாகவே போகிறது. அதனால் இணையச் சேவை நிறுவனம் அதைக் காணலாம், தடுக்கவும் செய்யலாம். 2007 இல் தமிழ்நெற் தளம் இலங்கையில் தடுக்கப்பட்டதையும், 2018 மார்ச்சில் முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறைகளின்போது சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டதையும் நாம் மறக்கவில்லை. சான்றிதழ் இருந்தால் தடை வராது என்று யாரும் நம்ப வேண்டாம்.

என்ன செய்யலாம்?

ஒரே நிறுவனத்தின் உபதளங்களுக்கு நட்சத்திரக் குறிச் சான்றிதழ் போதும். உபதளப் பெயர்கள் பதிவேட்டில் தனித்தனியே ஏறாது என்பதும் ஒரு நன்மை. வெவ்வேறு ஆட்களின் தளங்களுக்குத் தனித்தனிச் சான்றிதழ் எடுங்கள். இலவசம் என்பதால் பகிர்ந்து மிச்சம் பிடிக்க எதுவும் இல்லை.

தொடர்பு தெரியவே கூடாத தளத்துக்குத் தனிச் சான்றிதழ் மட்டும் போதாது. ஒரே ஐபி முகவரியும் தொடர்பைக் காட்டிக்கொடுக்கும். அதைத் தொடக்கத்திலேயே வேறு சேவையகத்தில் வையுங்கள்.

புதுப்பித்தலைத் தானியங்கியாக்குங்கள். சான்றிதழ் முடியப் போகிறது என்று மின்னஞ்சலில் நினைவூட்டுவதை லெட்ஸ் என்கிரிப்ட் 2025 ஜூனில் நிறுத்திவிட்டது. 2029 மார்ச்சில் இருந்து எந்தப் பொதுச் சான்றிதழும் 47 நாட்களுக்கு மேல் செல்லாது.

ஏற்கெனவே பகிர்ந்துவிட்டவர்கள், தங்கள் தளத்தின் பெயரைப் பகிரங்கப் பதிவேட்டில் ஒரு முறை தேடிப் பாருங்கள். பக்கத்தில் வேறு எந்தப் பெயர்கள் நிற்கின்றன என்று அந்தப் பெயர்களுக்கு உரியவர்களுக்கும் சொல்லுங்கள்.